உன் அப்பாவுக்கு எந்த டிக்கெட்?

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட செய்தியிலேயே அது தெரிந்தது. வருகிற பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போகிறோம் என்று எழுதி, டிக்கெட்டில் எப்படிக் காசை மிச்சம் பிடிப்பது என்றும் கீழே போட்டிருந்தாய். பெரியவர்கள் இருவர், அது நீயும் உன் மனைவியும். பிள்ளைகள் இருவர். அடுத்து ‘வார்கா எமாஸ்’ ஒன்று, அது நான். அறுபது தாண்டிய கிழடுகளுக்கு இந்த நாட்டில் வைத்திருக்கும் பெயர் அது, தங்கக் குடிமக்கள் என்று அர்த்தம். எனக்குப் பாதி விலை. அதற்குக் கீழே ‘வார்கா ஆசிங்’ ஒன்று. வெளிநாட்டுக்காரர். பக்கத்தில் ‘அப்பா’ என்று எழுதி, ‘ஸ்கிப்’ என்று போட்டு, ஒரு கட்டைவிரல் படத்தையும் ஒட்டி முடித்திருந்தாய்.

அந்தச் செய்தியை முதலில் பார்த்தது நான் இல்லை. உன் அப்பா. காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியை எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அவர்தான் என்பது உனக்குத் தெரியாததா? நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கைப்பேசியை நீட்டியபடி வந்து, “ஆசிங்னு ஒன்னு போட்டிருக்கானே, அது எனக்குத்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? சட்டப்படி அப்படித்தானே இருக்கு என்று அவரே உனக்காகப் பேசிவிட்டு, வாசலில் இருந்த மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் அந்தச் செடி ஏற்கனவே நனைந்து நின்றது.

ஈப்போ ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். ரத்தமும் சீழும் ஒட்டிய விரிப்புகளை அள்ளிப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சோறு தின்றிருக்கிறேன். முகம் சுளித்ததில்லை, அது நோயாளியின் தப்பில்லையே. ஆனால் பெற்ற பிள்ளை கைப்பேசியில் தட்டிய ஒரே ஒரு வார்த்தையைப் பார்த்து அன்று எனக்கு மீனும் இறங்கவில்லை, சோறும் இறங்கவில்லை. அதைத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் நீ நாலு வரி படித்துவிட்டு, அம்மா கோபமாக இருக்கிறாள் என்று ஒரு சிரிப்புப் படம் அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நம்மைப் போன்ற வீடுகளில் ஐசி என்கிற அடையாள அட்டை நீலத்தில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் ஒரே அலமாரியில் கிடப்பது நமக்கு மட்டும் உள்ள கதையில்லை, மற்றவர்களும் படிக்கட்டும். உன் பெயரைப் போடவில்லை. இப்போதைக்கு உனக்கு நான் செய்யக்கூடிய தயவு அவ்வளவுதான்.

படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா இதே பேராக் மாநிலத்தில், ஒரு ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். பிறப்பைப் பதிய வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும், டவுனுக்குப் போனால் காலையில் ஆள் எண்ணிப் பெயர் எழுதும் பிரட்டுக்கு நிற்க முடியாது, பிரட்டில் பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அவரைப் பெற்றவர் போகவில்லை. அந்த ஒரு நாள் கூலிக்காக, வளர்ந்த பிறகு உன் அப்பா கைக்கு வந்தது சிவப்பு அடையாள அட்டை. இங்கேயே இருக்கலாம், உழைக்கலாம், வரி கட்டலாம். இந்த நாட்டுக்காரன் என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது. தேர்தல் நாளில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டு, நான் ஓட்டுப் போட்டு வரும்வரை வெளியே மரத்தடியில் நிற்பார். குடிமக்களுக்கான நீல அட்டைக்கு எழுதிப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். அதை மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

இப்போது, போன விடுமுறையில் தாப்பா பக்கம் போன கதைக்கு வருகிறேன். அதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. உன் அப்பா பிறந்து, பால் மரத்தில் ரப்பர் பால் வெட்டி, அந்த மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நடும்வரை வேலை செய்த அதே தோட்டம். துரை பங்களாவையும் ஒரு வரிசை லயத்தையும் மட்டும் இடிக்காமல் வைத்து, வெள்ளையடித்து, பாரம்பரிய இடம் என்று பெயர்ப்பலகை மாட்டி, வாசலில் டிக்கெட் போட்டிருக்கிறார்கள். நீதான் கண்டுபிடித்துச் சொன்னாய். பிள்ளைகளுக்குத் தாத்தா வாழ்ந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உன் அப்பா முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். வண்டியில் போகும் வழியெல்லாம் உன் மகளுக்கு, எந்த வளைவில் லாரி கவிழ்ந்தது, எந்த ஆற்றில் மீன் பிடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கவுண்டரில் நீ நின்றாய். நாங்கள் நிழலில் நின்றோம். நீ திரும்பி வந்து எல்லோருக்கும் டிக்கெட்டைக் கொடுத்து, சீக்கிரம் வாங்க, வெயில் ஏறுகிறது என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனாய். அப்பா எங்கே என்று கேட்டேன். டாய்லெட் போயிருக்கிறார், வருவார் என்றாய். நான் நம்பினேன். ஒவ்வொரு அறையிலும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். லயத்து அறை ஒன்றில் சாந்தில் செய்த ஒரு பால்மரக்காரன், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, துவைத்த சட்டையோடு நின்றான். அவன் சட்டையில் ஒரு சொட்டுப் பால் கறைகூட இல்லை. பங்களாவில் துரை சாப்பிட்ட கூடத்தைக் காப்பிக் கடையாக்கி, எங்கள் பால் வாளியைப் போலத் தகர டம்ளர் செய்து அதில் ‘கூலி காப்பி’ என்று விற்கிறார்கள். வாளி தூக்கித் தோள்பட்டை காய்த்துப்போன ஒருத்தர் வீட்டுப் பிள்ளைகளின் தோளில் காசு வாங்கிக்கொண்டு, பால் வாளி தொங்கும் பொய்க் காவடிக் கம்பை வைத்துப் படம் எடுக்கிறார்கள். நீயும் வைத்தாய். சிரி, சிரி என்று சின்னவனிடம் சொன்னாய். எனக்கு அந்த இடமே பிடிக்கவில்லை. நம் வியர்வையைக் கழுவி, மணம் போட்டு, நமக்கே விற்கிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அது அந்நியர்கள் செய்வது. அதை வண்டியில் ஏறியதும் திட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

பிறகுதான் உன் மனைவி என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “மாமா வரமாட்டாங்க அத்தை. அவங்களுக்கு டிக்கெட் எடுக்கல” என்றாள். அவள் முகத்தில் இருந்த வெட்கத்தில் கால்வாசி உன் முகத்தில் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நீல ஐசிக்கு ஒரு விலை, அது இல்லாதவர்களுக்கு அதைப் போலச் சில மடங்கு. கவுண்டரில் இருந்தவள் சிவப்பு அட்டையைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு விலைதான் என்று சொன்னாளாம். நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையாம். அப்பா நீங்க பார்த்த இடம்தானே என்றாயாம். ஆமாம் தம்பி, பார்த்த இடம்தான், நீங்க போயிட்டு வாங்க என்று அவரும் சொன்னாராம்.

அவர் அப்படித்தான் சொல்வார். அவரிடம் வேறென்ன பதிலை எதிர்பார்த்தாய்? அழுவார் என்றா? வெளியே நில் என்று யார் சொன்னாலும் சரி என்று சொல்லப் பழகிய மனுஷன் அவர். அரசாங்கம் சொன்னதற்கு ஒரு சட்டமாவது இருக்கிறது. உனக்கு என்ன இருக்கிறது?

நான் வெளியே வந்தேன். உன் அப்பா கார் நிறுத்துமிடத்தில், காவலுக்கு நின்ற நேப்பாளக்காரப் பையனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருவரும் மலாயில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போவதற்குள் ஒரு பெரிய வண்டி புறப்பட்டது. அதை ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்த உன் அப்பா கையில் ஒரு வெள்ளி நோட்டை வைத்துவிட்டுப் போனார். வண்டி பார்த்துக்கொள்ளும் ஆள் என்று நினைத்துவிட்டார். உன் அப்பா அதை மறுத்திருக்கலாம், மறுக்கத் தெரியவில்லை. நீங்கள் எல்லோரும் வெளியே வந்ததும் அந்த வெள்ளியை உன் மகளிடம் கொடுத்து, “இந்தா பாப்பா, ஐஸ் வாங்கிக்க. தாத்தா இன்னிக்கு இங்க வேலைக்கு நின்னேன்” என்றார். நீ சிரித்தாய். நல்ல நகைச்சுவை என்று நினைத்து, வாய்விட்டுச் சிரித்தாய்.

உன்னைத் தனியே இழுத்துக் கேட்டேன். நீ சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. “அம்மா, அது நாலு பேரு டிக்கெட்டு காசும்மா. அவரு பொறந்து வளந்த எடத்துக்கு வெள்ளக்காரன் வெலை கட்டச் சொல்றியா? லாஜிக் இல்லலா.” அதோடு நிறுத்தினாயா? தாப்பா டவுனில் வண்டியை நிறுத்தி, மிச்சம் பிடித்த காசில் எல்லோருக்கும் வாழையிலைச் சாப்பாடு, பொரித்த கோழி என்று தாராளம் காட்டினாய். உன் அப்பா இலையை வழித்துச் சாப்பிட்டார். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார். நான் அந்தக் கோழியைத் தொடவில்லை. அவரை வெளியே உட்கார வைத்துச் சம்பாதித்த கோழி அது.

நான் சிக்கனத்துக்கு எதிரி இல்லை. ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்காரியும், தோட்டத்தை விட்டுப் பஸ் பட்டறையில் சேர்ந்த உன் அப்பாவும் பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்டி வளர்த்தோம் என்றால் எங்களுக்குத் தெரியாத சிக்கனமா? வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு போ. உள்ளே தண்ணீர் விற்பான், அதனால் போத்தலை நிரப்பிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போகாதே, மற்ற நாளில் போனால் சில இடங்களில் விலை குறைவு, வண்டி நிறுத்தவும் அலைய வேண்டாம். நினைவுப்பொருள் கடை வழியாகத்தான் வெளியே விடுவான். பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் எதையாவது காட்டிப் பேசியபடி கடந்துவிடு. காவடிக் கம்பைத் தோளில் வைத்து ஒரு படம் எடுக்க நீ கொடுத்த காசை நினைத்துப் பார். பங்களாவில் நீ குடித்த கூலி காப்பியை நினைத்துப் பார். அவை இரண்டையும் விட்டிருந்தாலே உன் அப்பா டிக்கெட்டில் பெரும்பகுதி வந்திருக்கும். நீ எதை வெட்டலாம் என்று பார்த்தபோது உன் கண்ணில் காப்பி படவில்லை, அவர் பட்டார்.

தெலுக் இந்தான் போனது உனக்கு நினைவிருக்காது, உனக்கு அப்போது பல் விழுந்துகொண்டிருந்த வயது. சாய்ந்த கோபுரத்தைப் பார்த்தோம். அதை வெளியிலிருந்து பார்க்கக் காசா பணமா, கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம். பக்கத்தில் ஏதோ பழம்பொருள் கண்காட்சி கூடாரம் போட்டு நடந்தது. உனக்கும் உன் தங்கைக்கும் உள்ளே போக ஆசை. கையில் இருந்தது பஸ் கூலி போக மூவருக்குத்தான் தேறியது. நான் வெளியே நிற்கிறேன், மூவரும் போய்விட்டு வாருங்கள் என்றேன். உன் அப்பா ஒப்பவில்லை. ஒருத்தர் வெளியே நின்றால் அது குடும்பம் போனதாகக் கணக்கில்லை என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். நீ தரையில் புரண்டு அழுதாய். எனக்கும் எரிச்சல்தான், இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வீம்பு என்று. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததும் நீ அழுகையை நிறுத்திவிட்டாய். உன் பங்கும் தின்று என் பங்கிலும் கை வைத்தாய்.

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். உன் அப்பாவைக் கிளப்பி, ஈப்போவில் சிலிபினிலிருந்து பஸ் பிடித்து, தாப்பா போய், அங்கிருந்து வாடகைக் கார் எடுத்து அதே தோட்டத்துக்குப் போனோம். எங்கே, எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். கவுண்டரில் நான் முந்திக்கொண்டு, ஆசிங் இரண்டு என்றேன். அவர் அந்த விலை கொடுத்தால் நானும் அதே விலை கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று எனக்கு ஒரு வெறி. உன் அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். “பைத்தியமா ஒனக்கு? நீலக் கார்ட பையில வச்சிக்கிட்டு ஆசிங்னு சொல்றியே, காசு என்னா மரத்துலயா காய்க்குது?” என்று அந்தப் பெண் முன்னாலேயே அதட்டிவிட்டு, என் பையைத் திறந்து, என் ஐசியை எடுத்து அவளிடம் நீட்டினார். இவள் வார்கா எமாஸ், பாதி விலை போடு என்று வாதாடி வாங்கினார். பார்த்தாயா, சிக்கனம் அவருக்கும் தெரியும். அவருக்கு வெள்ளைக்கார விலை, எனக்குக் கிழவி விலை. இரண்டு டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

உள்ளே அவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அந்தச் சாந்துப் பால்மரக்காரனைச் சுற்றி வந்து பார்த்து, இவனைக் கொசு கடிக்காது போல என்றார். லயத்து அறையை எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டைவிடச் சுத்தமாக இருக்கிறதே என்றார். காப்பி விலையைக் கேட்டு எழுந்து வந்துவிட்டார். அரைமணி நேரத்தில் கால் வலிக்கிறது, போகலாம் என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த இடத்தைப் பார்க்க அவருக்கு அன்றும் ஆசை இருந்திருக்காது. உங்களோடு சேர்த்து ஒரு ஆளாக எண்ண வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. வெளியே வந்ததும் அதே நேப்பாளக்காரப் பையன் நின்றான். உன் அப்பா நேரே அவனிடம் போய், சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். பையன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை அந்த டிக்கெட்டை அவர் கசக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் படுத்த பிறகு நான் தூங்கவில்லை. நீ பிறந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என்னைச் சுற்றிப் படுத்திருந்த பெண்களின் புருஷன்மார்கள் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். உன் அப்பா வரவில்லை. எட்டிப் பார்த்து, ஆண்பிள்ளையா என்று கேட்டு, நர்ஸிடமிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு ஓடியவர்தான். எங்கே தொலைந்தார் என்று நான் அழுதுகொண்டு கிடந்தேன். பதிவு அலுவலகம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றிருக்கிறார். அன்று பட்டறையில் சம்பளமில்லா லீவு. பிறப்புப் பத்திரத்தைக் கையில் வாங்கி, அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் வந்தார். வந்து உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்தப் பையை என் தலையணைக்குக் கீழே வைத்தார். “இவன் வாசல்ல நிக்க வேணாம்” என்றார். அதற்குப் பிறகுதான் உன்னைத் தூக்கினார்.

கவுண்டரில் நீ நீட்டுகிறாயே அந்த நீல அட்டை, அதைக் காட்டி வாங்கும் உள்ளூர் விலை, அது உன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு நாள் கூலியை விட மனமில்லாத ஒருவர், தன் பிள்ளையை வாழ்நாள் முழுக்க வெளியே நிறுத்தினார். அந்தப் பிள்ளை தன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உன்னை உள்ளே அனுப்பினான். நீ இப்போது நாலு டிக்கெட் காசுக்காக அவனை மறுபடி வெளியே உட்கார வைத்திருக்கிறாய். இதை எழுதும்போது என் பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன் என்று எனக்கே கூசுகிறது.

கோட்டைக்கு வருகிறோமா என்று குழுவில் கேட்டிருக்கிறாய். என் பதில் இதுதான். வருகிறோம். டிக்கெட் காசு உன்னிடம் கேட்கவில்லை, அப்பாவுக்கு உள்ளதை நானே கொண்டுவருவேன். ஆனால் கவுண்டரில் நான் நிற்க மாட்டேன், உன் மனைவியையும் நிற்க வைக்காதே. நீ நில். உன் மகளையும் சின்னவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள். அவர்கள் காதில் விழும்படி, அந்த வார்த்தையை நீயே உன் வாயால் சொல். வார்கா ஆசிங் ஒன்று, அது என் அப்பா. அப்படிச் சொல்லும்போது உனக்குத் தொண்டை அடைத்தால், எங்களை ஏற்றிப்போக வீட்டுக்கு வா. அடைக்காது என்றால் வராதே.

உன் அம்மா